நடக்கத் தெரிந்த வால்

போன வாரம் என் கடைக்கு ஒரு கடல் கன்னி வந்தாள்.

சிரிக்காதீங்க. ஆட்டோவில்தான் வந்து இறங்கினாள். கையில் ஒரு யூரியா சாக்கு. சாக்கு வாய்க்கு மேலே பெரிய மீன் வால் ஒன்று நீட்டிக்கொண்டு நின்றது. பின்னாலேயே எங்கள் சந்து நாய். ஆசை ஆசையாக மோந்து பார்த்தது. ரப்பர் வாசம் அடித்ததும் மூஞ்சியைத் திருப்பிக்கொண்டு போய்ப் படுத்துவிட்டது. பாவம், அதுவும் எவ்வளவு நினைப்போடு வந்திருக்கும்?

“டெய்லரம்மா நீங்கதானே? வால் கிழிஞ்சு போச்சு. தைக்கணும்” என்றாள்.

என் தொழிலில் நான் பார்க்காத கிழிசல் இல்லை. கை கிழிந்தது, கழுத்து கிழிந்தது, கல்யாணத்தன்றைக்குக் காலையில் முதுகு கிழிந்தது... எல்லாம் வந்திருக்கிறது. வால் கிழிந்தது என்று யாரும் வந்ததில்லை. ஆனால் அதை முகத்தில் காட்டிக்கொள்வேனா? ஆயுசுக்கும் வால் தைத்தே பிழைத்தவள் மாதிரி, “சரி உக்காரு... எந்தப் பக்கம் கிழிஞ்சிருக்கு?” என்று கேட்டேன்.

பெயர் வசந்தி. ஆடித் தபசுத் திருவிழாவுக்கு எங்கள் சங்கரன்கோவிலில் பொருட்காட்சி போடுவார்கள் — ராட்டினம், டெல்லி அப்பளம், மிளகாய் பஜ்ஜி, பலூன் சுடுவது. அதில் ‘கடல் கன்னி’ என்று ஒரு கொட்டகை இருக்கும், உள்ளே கண்ணாடித் தொட்டியில் வாலோடு ஒருத்தி படுத்திருப்பாள். அந்தக் கடல் கன்னி இவள்தான். சொந்த ஊர் கம்பம் பக்கம். புருஷன் கேரளாவில் ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டுகிறான். அவன் அங்கே ரப்பர் மரத்தோடு கிடக்கிறான், இவள் இங்கே ரப்பர் வாலோடு கிடக்கிறாள்.

சாக்கிலிருந்து வாலை உருவி மேஜையில் போட்டேன். பிணக் கனம் கனத்தது. இடுப்பில் வாய், அடியில் அடைப்பு. தலையணை உறை மாதிரி ஒரே வழிதான். ரெண்டு காலையும் உள்ளே விட்டு, பின்னால் ஜிப்பை ஏற்றிவிட்டால் முடிந்தது கதை. நிற்க முடியாது. நடக்க முடியாது.

“பெறவு எப்படி அந்தத் தொட்டிக்குப் போவ?” என்று கேட்டேன்.

“தூக்கிட்டுப் போவாய்ங்க.”

“யாரு?”

“ராட்டினத்துல வேலை பாக்குற ரெண்டு பேரு. ஒருத்தன் கக்கத்துல கை குடுப்பான். இன்னொருத்தன் வாலைப் பிடிப்பான். வெங்காய மூட்டை ஏத்துற மாதிரி ஏத்துவாய்ங்க. ஷோ முடிஞ்சா அதே மாதிரி இறக்குவாய்ங்க.”

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். வால் எப்படிக் கிழிந்தது என்று கேட்டதற்கும் சிரிப்புதான்.

“என்னையத் தூக்கிட்டு வரும்போது ஒருத்தனுக்கு போன் வந்துருச்சு டெய்லரம்மா. எடுக்குறதுக்காகக் கையை விட்டுட்டான். வால் ஆணியில மாட்டிக் கிழிஞ்சுது. நான் புழுதியில கிடக்கேன்... அவன் ‘ஹலோ, ஹலோ’ங்குறான்.”

நானும் சிரித்துவிட்டேன். பிறகுதான் அவள் முழங்கையில் சிராய்ப்பைப் பார்த்தேன். சிரிப்பு நின்றுவிட்டது.

“தண்ணி குடிக்கியா?” என்று செம்பை நீட்டினேன்.

“இப்ப குடிப்பேன். மத்தியானத்துக்கு மேல குடிக்க மாட்டேன்.”

“ஏன்?”

“குடிச்சா ஒதுங்கணும்ல? ஒதுங்கணும்னாலும் அவிய்ங்களைத்தான் கூப்பிடணும்.”

பாருங்களேன். கடலுக்குள்ளேயே குடியிருக்கிறதாக ஊரை நம்ப வைக்கிறவள். அவளுக்கு ஒரு வாய் தண்ணி குடிக்க வழி இல்லை!

செம்பைக் கீழே வைத்துவிட்டு, குரலை இறக்கிக்கொண்டு கேட்டாள். “டெய்லரம்மா... நானா நடந்து போய்ப் படுத்துக்குற மாதிரி ஒரு வால் தைக்க முடியுமா? கால் வெளிய வரணும். ஆனா, பாக்குறவங்களுக்குத் தெரியக் கூடாது.”

கொட்டகை முதலாளியிடம் முன்னாலேயே கேட்டிருக்கிறாள். அந்த மனுஷன் ஒரே பேச்சில் முடித்துவிட்டாராம். கடல் கன்னிக்குக் கால் தெரிந்தால் கொட்டகையையே சுருட்ட வேண்டியதுதான். அப்படி நடந்துதான் ஆக வேண்டும் என்றால், அவர் பிளாஸ்டர் பொம்மையை வாங்கிப் படுக்க வைத்துக்கொள்வார். பொம்மைக்குத் தாகம் எடுக்காது. கீழே போட்டாலும் சத்தம் போடாது. இவள் கம்பத்துக்கு பஸ் ஏற வேண்டியதுதான்.

“மூட்டையா இருந்தா வேலை இருக்கு. மனுசியா இருந்தா வேலை இல்ல” என்றாள் வசந்தி. இப்போது சிரிக்கவில்லை.

எனக்கு எங்கிருந்துதான் வேகம் வந்ததோ. இந்த ஊரில் ஆண்டு விழா மேடையில் ஏறிய மயிலுக்கெல்லாம் தோகை யார் தைத்தது? நான். தசராவுக்கு வேஷம் கட்டுகிறவர்களுக்குக் காளி பாவாடை, கரடி உடுப்பு? நான்தான். குரங்கு வேஷத்துக்கு நான் தைக்கிற வால் நிமிர்ந்து நிற்கும். அடுத்தவன் தைக்கிற வால் தொங்கிப் போகும். கேட்டுப் பாருங்கள்.

“குரங்குக்கு வால் தைச்சவளுக்கு மீனுக்குத் தைக்கத் தெரியாதா? இந்த ரப்பரத் தூரப் போடு. துணியில தைச்சுத் தாரேன்” என்றேன்.

சொல்லிவிட்டேன். புது வால் தயாராகிற வரைக்கும் ஓட, ரப்பர் கிழிசலையும் தைத்து அனுப்பினேன். ஆட்டோ போன பிறகுதான் உட்கார்ந்து யோசித்தேன்... துணியில் மீன் வாலா? எப்படி?

மறுநாள் வசந்தி வந்தாள். அளவு எடுத்தேன். இடுப்பு, தொடை, முட்டு, கணுக்கால்... இழுபடுகிற லைக்ரா துணி வாங்கி வைத்திருந்தேன். வெட்டி, மெஷினில் ஒரு ஓட்டு ஓட்டிக் கொடுத்தேன். மறைப்புக்குள்ளே போய்ப் போட்டுக்கொண்டு வந்து நின்றாள். சிலை மாதிரி இருந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை.

“எப்படி?” என்றேன்.

“கச்சிதமா இருக்கு டெய்லரம்மா” என்று சொல்லிக்கொண்டே ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

டர்ர்ர்ர்...

சத்தம் கேட்டு எதிர்க் கடையிலிருந்து பாத்திமா ஓடி வந்தாள். பாத்திமா கடையநல்லூர்க்காரி. எனக்கு எதிரே லேஸ், பட்டன், நூல் கடை வைத்திருக்கிறாள். என் கடையில் ஊசி விழுந்தால் அவள் கடையில் கேட்கும். இது ஊசியா? முழுத் தையலும் விட்டுப்போன சத்தம்.

நடந்ததைப் பார்த்தாள். இடுப்பில் கை வைத்துக்கொண்டு ஒரு சிரிப்பு.

“யக்கா... மீன நிக்க வச்சு அளவெடுத்திருக்கியளே! எந்தக் கடல்லக்கா மீனு நிக்கி?”

ஜாக்கெட் தைக்கிறவள் புத்தி எப்படிப் போகும்? வருகிறவளை நிற்க வைத்துத்தானே அளவு எடுத்துப் பழக்கம். கடல் கன்னி படுக்கும், ஒருக்களிக்கும், காலை மடக்கும், வாலை ஆட்டும். நிற்பதைத் தவிர எல்லாம் செய்யும் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. ஆனால் பாத்திமாவிடம் விட்டுக்கொடுக்க முடியுமா? “மொத ஓட்டு அப்படித்தாம்ட்டி போட்டுப் பாக்கணும்” என்று சொல்லி வைத்தேன்.

வெட்டுகிற மேஜையைத் துடைத்து, வசந்தியை அதன் மேல் படுக்க வைத்தோம். ஷட்டரைப் பாதி இறக்கினேன். பாத்திமா டேப்பைப் பிடிக்க, நான் சாக்பீஸால் குறித்தேன். அந்த நேரம் பார்த்து மாவு மில் அண்ணாச்சி தெருவோடு போனவர் குனிந்து எட்டிப் பார்த்தார்.

“என்ன டெய்லரம்மா... யாருக்காச்சும் மேலுக்குச் சொகமில்லையா?”

“ஒண்ணுமில்ல அண்ணாச்சி. வாலுக்கு அளவெடுக்கோம்” என்றாள் பாத்திமா.

மனுஷன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு விறுவிறுவென்று போய்விட்டார். அன்றைக்கு முதல் எங்களைக் கண்டால் கொஞ்சம் ஒதுங்கித்தான் போகிறார்.

படுத்தால் துணி எங்கே இழுக்கிறது, முட்டியை மடக்கினால் எங்கே சுருங்குகிறது என்று பார்த்துப் பார்த்து வெட்டினேன். வால் உடம்பு தயார். அடுத்தது செதில்.

மினுக்குகிற சமிக்கித் துணி வேண்டுமென்றால் ராஜபாளையம் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். தபசுக் கூட்டத்தில் யார் போவது? என் கடை மூலையில் ஒரு சாக்கு உண்டு. ஜாக்கெட் வெட்டும்போது மிஞ்சுகிற வெட்டுத்துணியெல்லாம் அதில்தான் போடுவேன், தலையணைக்கு அடைக்கலாம் என்று. அந்தச் சாக்கைக் கவிழ்த்தேன்.

ஐயோ... என்ன வர்ணம்! மயில் கழுத்து, அரக்கு, கிளிப்பச்சை, கத்திரிப்பூ, மாம்பழ மஞ்சள். பட்டு ஒரு துண்டு, சாட்டின் ஒரு துண்டு, ஜரிகை ஓடிய டிஷ்யூ ஒரு துண்டு. இந்த ஊர்ப் பெண்கள் கல்யாணத்துக்கும் வளைகாப்புக்கும் திருவிழாவுக்கும் உடுத்தியதெல்லாம் தரையில் குவிந்து கிடந்தது. இதைவிடப் பளபளப்பான மீன் எந்தக் கடலில் இருக்கிறது?

வெற்றிலையைப் பாதியாக வெட்டின மாதிரி துண்டு துண்டாக நறுக்கினேன். பாலியெஸ்டர் என்றால் ஓரத்தில் ஊதுபத்தியைக் காட்டி இழுத்தால் போதும், நூல் பிரியாது. பட்டிடம் அந்த வேலை நடக்காது, மடித்துத்தான் தையல் அடிக்க வேண்டும். இன்னொன்று... செதிலை மேலிருந்து கீழே அடிக்கக் கூடாது. ஓட்டு வீட்டுக்கு ஓடு எப்படிப் போடுவார்கள்? தாழ்வாரத்தில் ஆரம்பித்து முகட்டுக்குப் போவார்கள். அதே மாதிரி கால் பக்கத்தில் தொடங்கி இடுப்புக்கு ஏற வேண்டும். மேல் வரிசை கீழ் வரிசையின் தையலை மூடிக்கொண்டே போகும். மாற்றி அடித்தால் நனைந்த கோழி சிலிர்த்த மாதிரி நிற்கும்.

வால் நுனியில் விசிறி மாதிரி விரிந்திருக்குமே, அதற்குச் சட்டைக் காலருக்கு வைக்கிற கேன்வாஸ் வைத்தேன். விறைப்பாக நிற்க நரம்பு வேண்டும். எங்கள் ஊரில் தறிச் சத்தம் கேட்காத தெரு உண்டா? தறிக்கு வருகிற நூல் பேல்களைக் கட்டுகிற பிளாஸ்டிக் பட்டை குப்பையில்தான் கிடக்கும். பொறுக்கி வந்து, நறுக்கி, உள்ளே வைத்துத் தைத்தேன். விசிறி விறைத்துக்கொண்டு நின்றது.

எல்லாம் சரி. நடக்கிறது எப்படி?

அது எனக்கு இட்லி மாவு கரைக்கும்போது உதித்தது. வாசுதேவநல்லூர்ப் பக்கம் பஸ்ஸில் போகும்போது வயலைப் பாருங்கள். நாற்று நடுகிற பொம்பளை என்ன செய்வாள்? சேலையைத் தூக்கி இடுப்பில் ஒரு செருகு. கால் ரெண்டும் விடுதலை. வேலை முடிந்து கரையேறினால் ஒரு உதறு. பழையபடி குடும்ப ஸ்திரீ!

அதே செருகுதான். வாலுக்கு முட்டுக்குக் கீழே பின்பக்கம் ஒரு திறப்பு விட்டு, அமுக்கினால் ஒட்டிக்கொள்கிற டிச் பட்டன் வைத்தேன். விசிறி முன்பக்கம் மட்டும்தான் ஒட்டியிருக்கும். படுத்தால் மடிந்து பாதத்தை மூடிக்கொள்ளும். எழுந்தால் பட்டனைப் பிரித்து, விசிறியை மேலே தூக்கி, இடுப்பில் ஒரு கொக்கியில் மாட்டிக்கொள்ளலாம். நடக்கலாம். படி ஏறலாம். ஒதுங்கவும் போகலாம். யாரையும் கூப்பிட வேண்டாம்.

வசந்தி போட்டுப் பார்த்தாள். கடைக்குள்ளேயே அங்கேயும் இங்கேயும் நடந்தாள். மெஷினைச் சுற்றி ஒரு நடை. வாசல் வரைக்கும் ஒரு நடை. முகத்தைப் பார்க்க வேண்டுமே!

அப்போதுதான் காலைப் பார்த்தேன்.

“ஏளா, மெட்டியக் கழத்திரு. லைட்டுல மின்னும்” என்றேன்.

“அது மட்டும் மாட்டேன் டெய்லரம்மா. விடியறதுக்கு முன்னாடி காட்டுக்குள்ள போற மனுசன். பாம்பும் அட்டையுமா கிடக்குற இடம். அவரு நல்லபடியா வர்ற வரைக்கும் கழட்ட மாட்டேன்.”

நான் பாத்திமாவைப் பார்த்தேன். பாத்திமா என்னைப் பார்த்தாள்.

“அவ சொல்லுததும் நாயந்தானக்கா” என்றாள் பாத்திமா.

நானும் சரி என்றுவிட்டேன். வேறு எந்த ஊர்த் தையல்காரியாவது கடல் கன்னியை மெட்டியோடு அனுப்புவாளா? நாங்கள் அனுப்பினோம். புதுத்துணி இல்லையா, உள்பக்க ஓரத்தில் ஒரு பொட்டு மஞ்சளும் வைத்துக் கொடுத்தேன்.

அன்றைக்குச் சாயங்காலம் நானும் பாத்திமாவும் பொருட்காட்சிக்குப் போனோம். முதலாளி வாலைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். வெள்ளை வேட்டி, கழுத்தில் மைக்.

“வேலை நல்லாத்தான் இருக்கும்மா. இல்லைங்கல. ஆனா தொழில்னு ஒண்ணு இருக்குல்ல? இந்த ஒரு ஷோ பாக்குறேன். கூட்டத்துல ஒரே ஒரு ஆள் காலைக் கண்டுட்டான்னு வைங்க... நாளையில இருந்து பொம்மைதான்.”

சும்மா சொல்லவில்லை. பொம்மை வந்து இறங்கியிருந்தது. கொட்டகைக்குப் பின்னால் வைக்கோலில் படுத்திருந்தது. ஒரு கண் என்னைப் பார்த்தது, ஒரு கண் ராட்டினத்தைப் பார்த்தது.

ஷோ நேரம் ஆனது. தூக்குகிற ரெண்டு பேரும் பழக்க தோஷத்தில் கையை நீட்டிக்கொண்டு வந்து நின்றார்கள். வசந்தி விசிறியைத் தூக்கி இடுப்பில் மாட்டினாள்.

“தள்ளுங்கப்பா. வழி விடுங்க.”

நடந்தாள். பலகைப் படியில் ஏறினாள். தானாகப் படுத்தாள். பட்டனைப் போட்டு விசிறியை உதறிவிட்டாள். அவர்கள் ரெண்டு பேரும் நீட்டின கையை என்ன செய்வது என்று தெரியாமல் அப்படியே நின்றார்கள். ஒருத்தன் கடைசியில் தலையைச் சொறிந்துகொண்டான்.

நாங்கள் முன்னால் போய்க் கூட்டத்தோடு நின்றோம். அந்தத் தொட்டி ரகசியத்தை உங்களுக்குச் சொல்லவா? முன்னால்தான் தண்ணி — ஒரு சாண் அகலத்துக்கு. அதில் நாலு வர்ண மீன், குமிழி விடுகிற மோட்டார். கடல் கன்னி அதற்குப் பின்னால் காய்ந்த மெத்தையில் படுத்திருப்பாள். பார்த்தால் தண்ணிக்குள்ளே இருக்கிற மாதிரியே தெரியும். சரி, உங்களோடு இருக்கட்டும்.

நீல லைட் எரிந்தது. திரை விலகியது. “ஆழ்கடலின் அதிசயம்...” என்று முதலாளி மைக்கில் தொடங்கினார். வசந்தி வாலை ஒரு ஆட்டு ஆட்டினாள். அத்தனை செதிலும் ஒரே நேரத்தில் மினுங்கியது. கூட்டம் “ஆ...” என்றது. பாத்திமா என் கையைக் கிள்ளினாள். எனக்குக் கர்வமாகத்தான் இருந்தது. இருக்கக் கூடாதா?

ரெண்டாவது ஆட்டு. விசிறி கொஞ்சம் ஒதுங்கியது.

மினுக்.

செதில் இல்லை. அது வெள்ளி.

“ஏ... அங்கன பாரு! கடல் கன்னி மெட்டி போட்டிருக்கா!” என்று யாரோ ஒரு ஆள் கத்தினார்.

முதலாளியின் மைக் பாதி வார்த்தையில் நின்றது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வசந்தியின் சிரிப்பு அப்படியே இருந்தது. வால் மட்டும் நின்றுவிட்டது. கம்பம் பஸ், வைக்கோலில் கிடக்கிற அந்த ஒன்றரைக் கண் பொம்மை... எல்லாம் என் கண்முன்னே வந்து போனது.

அப்போது எனக்குப் பின்னாலிருந்து ஒரு குரல்.

“மெட்டி கெடக்கட்டும்! அந்த மயில் கழுத்துக் கலரு... இடுப்புக்கிட்ட... அது என் ஜாக்கெட்டுத் துணில்லா!”

பூக்கடை கோமதி. மார்க்கெட்டில் மல்லி ஏலம் கேட்டுக் கேட்டுப் பழகிய தொண்டை. மைக் தோற்றுப் போகும். கூட்டத்தை விலக்கிக்கொண்டு கண்ணாடியில் மூக்கை ஒட்டிப் பார்த்தாள். திரும்பினாள். என்னைப் பிடித்துவிட்டாள்.

“டெய்லரம்மா! துணி பத்தலன்னு சொல்லி எனக்குக் கைய குட்டையா தச்சியளே! எனக்குப் பத்தாத துணி மீனுக்கு எப்படிப் பத்திச்சு?”

மொத்தக் கூட்டமும் கடல் கன்னியை விட்டுவிட்டு என்னைப் பார்த்தது. நான் பாத்திமாவுக்குப் பின்னால் ஒளிந்திருப்பேன் என்று நினைக்கிறீர்களா? நான் எதுக்கு ஒளியணும்?

“வெரல் அகலத் துண்டுட்டி அது! அதுல கை தைக்கணும்னா உன் கை என்ன மீன் செதிலா?” என்றேன்.

சிரிப்பு வெடித்தது. அவ்வளவுதான், அடுத்த குரல் கிளம்பிவிட்டது.

“யம்மா, இங்கன வாயேன்... நம்ம மதினி வளைகாப்புக்கு எடுத்த அரக்குப் பட்டு!”

“கிளிப்பச்சை எங்க அக்காவோடது!”

“இந்தக் கத்திரிப்பூ யாரோடதுட்டி?”

பெண்களெல்லாம் கண்ணாடியை மொய்த்துவிட்டார்கள். மெட்டியைக் கண்ட ஆள் பாவம், பின்னால் தள்ளப்பட்டு நின்றார். “நான்லா மொதல்ல பாத்தேன்... மெட்டி...” என்றார் பலவீனமாக.

“மெட்டி போட்டிருந்தா கலியாணம் ஆயிட்டுன்னு அர்த்தம். அதுல என்ன அதிசயத்தக் கண்டீரு?” என்றாள் ஒருத்தி.

“மாப்பிள்ள எங்கட்டி?”

“கடலுக்குப் போயிருப்பான்!”

உள்ளே வசந்தியால் அடக்க முடியவில்லை. தோள் குலுங்கச் சிரித்தாள். பிறகு என்ன செய்தாள் தெரியுமா? வாலைத் தூக்கி, மெதுவாக அந்தப் பக்கம் திருப்பிப் போட்டாள் — மறுபக்கத்துச் செதிலையும் எல்லாரும் பார்க்கட்டும் என்று!

முதலாளி முகத்தைப் பார்த்தேன். ஒரே ஒரு ஆள் கண்டால் போதும் என்று சொன்னவர். இப்போது ஊரே கண்டுவிட்டது. மனுஷன் கூட்டத்தைப் பார்த்தார். வாசலில் எட்டிப் பார்க்கிறவர்களைப் பார்த்தார். தொழில்காரர் இல்லையா? தொண்டையைச் செருமிக்கொண்டு மைக்கை வாய்க்குக் கொண்டு போனார்.

“வாங்க... வாங்க... வாங்க! இந்தியாவிலேயே முதன் முறையாக... மெட்டி அணிந்த கடல் கன்னி! சங்கரன்கோவில் தாய்மார்களின் ஜாக்கெட்டை அணிந்து வந்த ஒரே கடல் கன்னி! உங்கள் துணி இருக்கிறதா... வந்து பாருங்கள்!”

அதற்குப் பிறகு நடந்ததை நான் சொல்ல வேண்டுமா? எங்கள் ஊரில் என்னிடம் ஜாக்கெட் தைக்காத வீடு குறைவு. அத்தனை பேரும் வந்தார்கள். சிவகிரியில் கட்டிக்கொடுத்த பெண், மாமியாரைக் கூட்டிக்கொண்டு வந்து, “இந்தா அத்தை, என் நிச்சயதார்த்த ஜாக்கெட்டு” என்று காட்டிவிட்டுப் போனாளாம். தன் துணி இல்லாதவர்கள் என் கடைக்கு வந்து சண்டை போடுகிறார்கள். “எங்க வீட்டுத் துணிய மட்டும் ஏன் விட்டிய?”

எனக்கு ஒன்று தோன்றியது. அந்த முதலாளி இத்தனை வருஷமாக என்ன நினைத்துக்கொண்டிருந்தார்? ஜனங்கள் ஏமாறுவதற்காகக் காசு கொடுத்து வருகிறார்கள் என்று. அவர்கள் ஏமாற வரவில்லை, வேடிக்கை பார்க்க வருகிறார்கள். உள்ளே இருப்பவள் நம்மை மாதிரி ஒரு பொம்பளைதான் என்று கைக்குழந்தைக்குக்கூடத் தெரியும். பொம்பளைக்குக் கால் உண்டு என்று தெரியாத ஊர் எங்கேயாவது இருக்கிறதா? தெரியாத மாதிரி நடந்துகொள்கிறவர்கள்தான் இருக்கிறார்கள்.

அன்றைக்கு ஷோ முடிந்ததும் வசந்தி நடந்தே வந்து முதலாளி முன்னால் நின்றாள்.

“நாளைக்கு நானா... பொம்மையா?”

“பொம்மைக்கு வாலாட்டத் தெரியுமா? போம்மா... போய் அடுத்த ஷோவுக்கு ரெடியாகு” என்றார் அவர், அவள் முகத்தைப் பார்க்காமல்.

கோமதிக்கு என் மேல் கோபம் இன்னும் இருக்கிறது. ஆனால் மறுநாள் சாயங்காலமே ஒரு முழம் மல்லிகையோடு கொட்டகைக்குப் பின்னால் போய் நின்றாளாம். “எந்துணிய உடுத்திக்கிட்டு வெறுந்தலையாக் கெடக்கப்பிடாது” என்று சொல்லி, வசந்தி தலையில் தானே வைத்துவிட்டிருக்கிறாள். அன்றையிலிருந்து தினமும் பூ போகிறது. எங்கள் ஊர்க் கடல் கன்னிக்கு மெட்டியும் உண்டு, மல்லிகையும் உண்டு.

நேற்று நானே பார்த்தேன். ரெண்டு ஷோவுக்கு நடுவில், விசிறியைத் தூக்கி இடுப்பில் மாட்டிக்கொண்டு, பொருட்காட்சிப் புழுதியில் அவள்பாட்டுக்கு நடந்து டீக்கடைக்கு வந்தாள். சுற்றி நின்றவர்கள் கொஞ்சம் விலகி இடம் விட்டார்கள், அவ்வளவுதான். டீக்கடைக்காரர், “சீனி தூக்கலா?” என்று மட்டும் கேட்டார்.

“டீ இருக்கட்டும்ணே. மொதல்ல தண்ணி குடுங்க” என்றாள் வசந்தி.

செம்பைத் தூக்கி அண்ணாந்து, மடக் மடக்கென்று, அடி வரைக்கும் குடித்தாள். கழுத்தில் வழிந்து செதிலில் இறங்கியது. துடைக்கவில்லை.

அந்தத் தூக்குகிற ரெண்டு பேருக்கும் வேலை போய்விடவில்லை, கவலைப்படாதீங்க. பொம்மையைத் தினமும் விளம்பரத்துக்கு வாசலில் கொண்டுபோய் வைத்து, திரும்ப உள்ளே எடுத்து வர வேண்டும். அதுதான் இப்போது அவர்களுக்கு வேலை.

நேற்று பார்க்கும்போது பொம்மைக்கு மூக்கைக் காணோம்... போன் வந்திருக்கும் போல.